எனக்கு ‘அவரு’, பிளம்பருக்கு ‘அவங்க’

இந்த வீட்டுக் குளியலறைச் சுவரை இனித் தன் கையைத் தவிர வேறு எவன் கையும் தொடக் கூடாது என்று ஒற்றர் சபதம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட இடமும் அதே குளியலறைதான். இடுப்பில் துண்டு. தலையில் சோப்பு நுரை. சபதத்துக்கு ஏற்ற கோலம் இல்லைதான். ஆனால் கோபத்தைச் சட்டை போட்டுக்கொண்டு வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியுமா?

ஒற்றர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எங்கே ‘க்’ வர வேண்டும், எங்கே ‘ப்’ வரக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவோடு ஒற்றெழுத்துகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் அச்சகத்தில் முதலில் அவரை ‘ஒற்று’ என்றார்கள். தலை நரைத்ததும் மரியாதைக்கு ஓர் ‘அர்’ சேர்த்தார்கள். ஒற்றர் என்றால் உளவாளி என்றும் பொருள் வருமே என்று யாரோ தயங்கியபோது, “இலக்கணப்படி சரி, இருக்கட்டும்” என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

சுவர் விவகாரம் பதினொரு மாதத்துக்கு முன் ஆரம்பித்தது. ஷவர் பொருத்தியிருந்த சுவருக்குள் எங்கேயோ குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய், சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறையில், ஈரம் பூத்தது. முதலில் ஒரு பொத்தான் அளவு. பிறகு ஒரு தட்டு அளவு. கடைசியில் அது ஒற்றரின் தலையணைக்கு நேர் மேலே, ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு விரிந்தது.

“ஏங்க, சுவர் ஒழுகுது.”

“ஒழுகுதல்னா நன்றாக நடந்துகொள்ளுதல்னும் ஒரு பொருள் உண்டு. அதிலிருந்துதான் ஒழுக்கம்கற சொல்லே வந்தது.”

“அப்ப இந்த வீட்லயே ரொம்ப ஒழுக்கமானது நம்ம சுவர்தான். சரி பண்றீங்களா, இல்லையா?”

“பாக்கறேன்.”

பார்த்தார். தினமும் பார்த்தார். பார்ப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேலையை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்பும் அவர் மனைவிதான், பதினொரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டாள்.

வினை அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது.

“இன்னைக்குப் பிளம்பர் வந்திருந்தாங்க.”

“எத்தனை பேர்?”

“ஒருத்தர்தான்.”

“ஒருத்தருக்கு எதுக்கு ‘தாங்க’? ‘வந்திருந்தாரு’ன்னா போதாதா?”

மனைவி நிமிர்ந்து அவரை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, “வந்திருந்தாரு எல்லாம் சரியா வராதுங்க. வந்திருந்தாங்கதான் சரி” என்றாள்.

“ஒரு குழாய்க்காரனுக்கா?”

“அவங்க வேலையைப் பாத்தா நீங்களே எழுந்து நிப்பீங்க. சுவத்துல காதை வச்சாங்க. ரெண்டு தட்டு தட்டினாங்க. உள்ள குழாய் மடங்கற இடத்து எல்போதான் விட்டிருக்கு, இந்த டைலை எடுத்தா போதும்னுட்டாங்க. அவ்வளவுதான்.”

“நானும்தான் காதை வச்சேன்.”

“வச்சீங்க. அப்படியே குறட்டை விட்டீங்க.”

ஒற்றர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பத்தொன்பது வருஷத்துக் கல்யாண வாழ்க்கையை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். அக்காளிடம் போனில் பேசும்போது அவர் மனைவி அவரைப் பற்றி என்ன சொல்வாள்? ‘அவரு தூங்கறாரு.’ ‘அவரு இன்னும் வரலை.’ ‘அவருக்கு என்ன தெரியும்?’ எல்லாம் ‘அவரு’தான். ஒரு நாள், ஒரு தடவை, வாய் தவறிக்கூட ‘அவங்க’ வந்ததில்லை. தாலி கட்டியவனுக்கு ‘அவரு’. சுவரைத் தட்டியவனுக்கு ‘அவங்க’. இவர் ஒரு படி கீழே, பிளம்பர் ஒரு படி மேலே. வயிறு எரிந்தது. மோர் குடித்தார். அணையவில்லை.

சமையலறைத் தொட்டியில் இரண்டு டீக் கோப்பைகள் இருந்தன. அலமாரியில், விருந்தாளிக்கு மட்டும் என்று ஒற்றரைத் தொட விடாமல் ஒதுக்கி வைக்கும் பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. அவர் எண்ணிப் பார்த்தார். நான்கு குறைந்திருந்தன. பிழை திருத்துகிறவர் கண்ணுக்கு எது தப்பும்?

“மறுபடி எப்ப வருவான்?”

“‘வருவான்’ இல்லைங்க. ‘வருவாங்க’. வியாழக்கிழமை.”

வியாழக்கிழமை அச்சகத்தில் ஒற்றருக்குத் தலைவலி வந்தது. சரியாக இரண்டரை மணிக்கு வந்தது. விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், இரண்டாம் மாடிப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நின்றது. தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்ஸ் ஓர் அங்குலம் பெரியது. நெஞ்சு ஓர் அங்குலம் சுருங்கியது.

குளியலறை ஜன்னல் படிக்கட்டுப் பக்கம்தான் திறக்கும். ஒற்றர் அதற்குக் கீழே குந்தினார். உள்ளே உளியும் சுத்தியலும் டக் டக் என்று பேசின. பிளம்பரின் குரல் அந்தச் சத்தத்தில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. மனைவியின் குரல் மட்டும் மணி மாதிரி கேட்டது.

“மரை கழண்டுபோச்சா? எனக்கு அப்பவே சந்தேகம்!”

ஒற்றர் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஆமா, ரொம்பப் பழசு. எப்பவோ மாத்தியிருக்கணும். நான்தான் போகட்டும் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அதற்குப் பிளம்பர் என்னமோ சொல்ல, மனைவி சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை. மூச்சு வாங்க, ‘ஐயோ போதும்’ என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒற்றருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் வீட்டில் கேட்டது அது. அப்புறம் எங்கே போயிற்று என்று அவர் தேடியதில்லை. இப்போது தன் வீட்டுக்குள்ளேயே வேறொருவனுக்காக அது திரும்பி வந்திருக்கிறது. பொறாமை என்றால் என்ன என்று அகராதியில் ஆயிரம் தடவை படித்தவருக்கு, அன்றுதான் அந்தச் சொல்லின் உள்ளே போய்ப் பார்க்க வாய்த்தது.

“என்ன சார், படிக்கட்டுல குந்திக்கிட்டு?”

மேல் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைக் கண்டால் இறங்க விடமாட்டார்.

“ஒண்ணுமில்லை. பேனா விழுந்துடுச்சு. ஆமா, இந்தப் பிளம்பர் எப்படி ஆளு?”

“அவங்களா! எங்க வீட்டுக்கும் அவங்கதான். நல்ல உயரம். தெம்பான ஆளு. அந்தக் கனமான ரெஞ்சை ஒத்தைக் கையால சுழட்டுவாங்க. என் சம்சாரம் இன்னைக்கும் அவங்க புகழ்தான் பாடறா.”

“உங்களுக்குக் கோபம் வராதா?”

“எதுக்கு சார் கோபம்? ஒழுகறது நின்னா சரி.”

என்ன மனுஷன் இவர் என்று ஒற்றர் அருவருப்போடு பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்துவிடலாமா? பூட்ஸை மறுபடி ஒரு தடவை பார்த்தார். வேண்டாம் என்று முடிவு செய்து, தெருமுனைக் கடையில் மூன்று டீ குடித்துவிட்டு, வழக்கம்போல ஆறு மணிக்கு வீடு திரும்பினார்.

“எல்போ பழசாகி மரை தேஞ்சு கெடக்காம். அவங்க திங்கட்கிழமை புதுசு கொண்டுவந்து போட்டுடுவாங்க. அதுவரைக்கும் ஷவரைத் தொடாதீங்க. வாளியில குளிங்க” என்றாள் மனைவி.

மறுநாள் காலை வாளித் தண்ணீரில் குளிக்கும்போதுதான், மார்புக்கு நேரே டைல் பெயர்த்த ஓட்டையையும் அதற்குள் துருப்பிடித்து மடங்கிக் கிடந்த எல்போவையும் பார்த்து, ஒற்றர் மேற்படி சபதத்தை எடுத்தார். திங்கட்கிழமை அவன் வரும்போது சுவர் சரியாகியிருக்க வேண்டும். அவன் வந்த வழியே போக வேண்டும். மனைவி ‘என் வீட்டுக்காரங்க’ என்று சொல்ல வேண்டும். ‘வீட்டுக்காரரு’ இல்லை, ‘வீட்டுக்காரங்க’!

சனிக்கிழமை குழாய்ச் சாமான் கடைக்குப் போனார்.

“ஜாயிண்ட் வேணும்.”

“எல்போவா, டீயா?”

“டீ இப்பதான் குடிச்சேன்.”

கடைக்காரர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். “சார், மூணு பக்கம் போற ஜாயிண்டுக்குப் பேரு டீ. உங்களுக்கு என்ன வேணும்?”

“எல்போ. மடங்கினது.”

“ஆணா, பெண்ணா?”

“என்னய்யா கேக்கறீங்க?”

“மரை சார். வெளிப்பக்கம் மரை இருந்தா ஆண். உள்பக்கம் இருந்தா பெண். உங்க வீட்ல இருக்கறது எது?”

“ஆண்தான். அதுதானே என் வீட்டுப் பிரச்சனையே!”

“நல்லாப் பாத்தீங்களா? எல்லாரும் பாக்காமலே ஆண்னு சொல்லிட்டுப் போயி, திரும்பி வருவாங்க.”

“எனக்கு எல்லாம் தெரியும். குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மனைவி பையை எடுத்துக்கொண்டாள். படுக்கையறைக்குப் புதுத் திரைத்துணி தைக்கக் கொடுத்திருந்தாள். தைத்தாகிவிட்டதாம்.

“தையல்காரர் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். சுவத்துல கை வைக்காதீங்க.”

“நான் ஏன் வைக்கறேன்?”

கதவு சாத்தியதும் வேட்டியை மடித்துக் கட்டினார். மொட்டை மாடிக்கு ஓடினார். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் இரண்டு வால்வுகள் இருந்தன. ஒன்று துருப்பிடித்திருந்தது. இன்னொன்று பளபளவென்று சுலபமாகத் திரும்பியது. அதை மூடினார். இவ்வளவுதானே, இதற்குப் போய் ஒருத்தனுக்கு நான்கு பிஸ்கட்டா?

கீழே வந்து, கடையில் வாங்கிய ரெஞ்சை எல்போவில் மாட்டித் திருப்பினார். அசையவில்லை. பிளம்பரின் முகத்தை நினைத்துக்கொண்டார். பார்த்ததில்லையே தவிர, மீசைவரைக்கும் அவரே வரைந்து வைத்திருந்தார். அந்த மீசையை நினைத்து ஒரு திருப்பு. எல்போ கையோடு வந்துவிட்டது.

கூடவே தண்ணீரும் வந்தது. ஒழுகவில்லை, சொட்டவில்லை. பீச்சியடித்தது. மூக்குக் கண்ணாடி பறந்தது.

“சார்! எங்க வீட்டு வால்வை யாரு மூடினது? சோப்புப் போட்டுக்கிட்டு நிக்கறேன்!” என்று மேலே இருந்து கண்டக்டரின் அலறல் ஜன்னல் வழியாக இறங்கியது.

ஒற்றர் புது எல்போவைக் குழாயின் வாயில் வைத்தார். குழாய்க்கு வெளிப்பக்கம் மரை. எல்போவுக்கும் வெளிப்பக்கம் மரை. இரண்டும் ஆண். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. உள்ளே போக எதற்கும் மனமில்லை.

கூடத்துக்கு ஓடினார். காலண்டரில் மனைவி ‘பிளம்பர்’ என்று எழுதி வைத்திருந்த எண்ணைப் போட்டார். மானத்தை அடகு வைத்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. திரும்பி ஓடிவந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் குழாயின் வாயைப் பொத்தினார். விரல் சந்தெல்லாம் தண்ணீர்.

“சொல்லுங்க.”

பெண் குரல். பிளம்பரின் மனைவி!

“அம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்காரா?”

“இருக்காரு. மிஷின்ல உக்காந்திருக்காரு.”

குழாய்க்கு மரை வெட்டுகிற மிஷின் போல. “உடனே வரச் சொல்லுங்க. ரெண்டாவது மாடி, பச்சைக் கதவு. குளியலறையில எல்போ பிடுங்கிக்கிச்சு. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் இங்க வந்தாரே, அதே வீடு.”

“யாரு, எங்க வீட்டுக்காரரா?”

அந்தக் குரலில் இருந்த திகைப்பு ஒற்றரின் நெஞ்சை அறுத்தது. பாவம், இந்தம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது! தண்ணீர் அடிப்பதுகூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

“ஆமாம்மா. உங்ககிட்ட சொல்லலையா? சொல்ல மாட்டாரு. நீங்களும் என்னை மாதிரிதான். நாம ரெண்டு பேரும் ஏமாந்தவங்க.”

மறுபக்கத்தில் யாரோ இருமினார்கள்.

“அப்படியா சார்? அங்க வந்து என்ன பண்றாரு?”

“சுவத்துல காதை வைக்கறாரு!”

“அடப்பாவி.”

“என் பொண்டாட்டி அவருக்கு டீ போட்டுக் குடுக்கறா. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு!”

“ஒண்ணரைதான் சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வீட்ல குடிக்கற கணக்குதானே. அப்புறம்?”

“அப்புறம் என்னம்மா அப்புறம்? சிரிக்க வைக்கறாரு. அவ அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அந்தச் சிரிப்பு என்னோடதும்மா. அதை எவனோ ஒருத்தன் ரெஞ்சைத் தூக்கிக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போறானேன்னு எனக்கு வயிறு எரியுது. அவளை நான் சிரிக்க வைக்காம விட்டுட்டேன், அது என் தப்புதான். ஆனா அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

மறுபடியும் அந்த இருமல். இந்த முறை கொஞ்சம் மூக்குறிஞ்சலும் சேர்ந்து கேட்டது. இந்தம்மா அழுகிறாள் என்று நினைத்ததும் ஒற்றருக்கும் அழுகை வந்தது.

“அழாதீங்க சார். குழாயை நல்லாப் பொத்திப் பிடிங்க. பத்து நிமிஷத்துல வந்துடறோம்.”

பத்தாவது நிமிஷம் மாடியில் ஒரு வால்வு கிறீச்சிட்டது. தண்ணீர் நின்றது. கதவருகே ரப்பர் பூட்ஸ் சத்தம். உள்ளே வந்தது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். தோளில் சாமான் பை, கையில் அந்தக் கனமான ரெஞ்ச்.

ஒற்றர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“அவரு எதுக்கு சார்? அவரு தையல்காரரு. குழாயைக் கண்டாலே நடுங்குவாரு.”

“அப்ப பிளம்பர்?”

“நான்தான்.”

ஒற்றர் ஈர வேட்டியோடு வாளியின் மேல் உட்கார்ந்தார். வாளி கவிழ்ந்தது. தரையில் உட்கார்ந்தார்.

“ஆனா என் பொண்டாட்டி ‘அவங்க’ ‘அவங்க’ன்னு சொன்னாளே!”

“பின்ன எப்படிச் சொல்லுவாங்க? ஆம்பளைன்னா ‘அவரு’. பொம்பளைன்னா ‘அவங்க’. ஊரே அப்படித்தானே சார் பேசுது.”

இருபத்திரண்டு வருஷம். லட்சக்கணக்கான பக்கம். ஊரில் உள்ள எழுத்தாளர்களையெல்லாம் திருத்திய மனிதருக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசுகிற தமிழ் தெரியவில்லை. மனைவி அவரை இரண்டு முறை திருத்தியிருக்கிறாள். ‘வந்திருந்தாங்கதான் சரி’ என்றாள். ‘வருவாங்க’ என்றாள். அவர்தான் அதைத் திமிர் என்று படித்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்கும் அடியில், நெஞ்சு முழுக்க, குளிர்ந்த தண்ணீர் மாதிரி ஓர் ஆறுதல் பரவியது. மீசை இல்லை! மீசையே இல்லை!

வந்தவள் அதற்குள் குழாயின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றி, பெண் மரை எல்போவை வைத்து இறுக்கி, ஷவருக்குப் போகும் குழாயைப் பொருத்தி, மாடி வால்வைத் திறந்துவிட்டு வந்து, சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. டைல் பதிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. ஒற்றர் டீ போட்டார். ஒன்றரை ஸ்பூன். பிஸ்கட் டப்பாவையும் அப்படியே கொண்டுவந்து வைத்தார்.

“அம்மா, ஒரு உதவி. நான் போன்ல பேசினது…”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.”

“அப்புறம், இந்த எல்போவை நானே மாத்தினதா இருக்கட்டுமே. எனக்கும் வீட்ல கொஞ்சம் மதிப்பு வேணும்ல?”

அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தாராளமா. நீங்களே மாத்தினீங்க சார்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கால் மணி நேரத்தில் மனைவி திரைத்துணிப் பையோடு வந்தாள். ஒற்றர் தரையைத் துடைத்து, வேட்டி மாற்றி, ரெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். ஷவரைத் திறந்து காட்டினார். மூடிக் காட்டினார். படுக்கையறைக்குக் கூட்டிப் போய்ச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

“அடேயப்பா! நீங்களா செஞ்சீங்க?”

“பின்ன?”

“ஆண் மரையா, பெண் மரையா?”

“பெண். பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டேன்.”

“பாத்த உடனேவா?”

“அனுபவம்தான்.”

“தனியாவே செஞ்சீங்களா? யாரையும் கூப்பிடலை?”

“நான் ஏன் கூப்பிடறேன்?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பையைக் கீழே போட்டாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர, ‘ஐயோ போதும்’ என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அதே சிரிப்பு. இந்த முறை சந்தேகமே இல்லை, அவருக்கே உரியது. ஒற்றருக்கு மார்பு விம்மியது. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

“எதுக்கு இப்படிச் சிரிக்கற?” என்றார், தானும் சிரித்துக்கொண்டு.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணுமில்லைங்க. ‘அந்தச் சிரிப்பு என்னோடது’ன்னு சொன்னதுக்கு அப்புறம் என்னமோ சொன்னீங்களே, தையல் மிஷின் சத்தத்துல போன் ஸ்பீக்கர்ல சரியாக் கேக்கலை. அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”